ஈறு நிறம்

குழலில் தொடங்கு என்கிறார் காமென்சின்ட்.
மாப்பிள்ளை அதுதான்,
மற்றவை தோழன்மார் என்று
நான் விளங்கிக்கொள்கிறேன்.

புர்க்டோர்ஃபில் ஆற்றோரப் பட்டறை.
பச்சைத் துணிமேல் ஐந்து குழல்கள்.
கண்ணுக்கு ஐந்தும் ஒன்று.
நிலவறையில் ஒவ்வொன்றையும் இடுக்கியில் இறுக்கிப்
பத்துப் பத்தாய்ச் சுட்டார்.
அட்டைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன்.
முதலாவது, தாளித்துச் சிதறிய கடுகு.
மற்ற மூன்றும் பரவாயில்லை ரகம்.
நான்காவதில்
ஒரே ஒரு துளை,
ஓரம் மட்டும் கொஞ்சம் அரித்து
சூத்தைப் பல் மாதிரி.

சூத்தையைக் கண்டு சந்தோஷப்பட்டது
இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தரம்.

பேர்ன் ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில்
மற்றவர்களுக்குப் பல் கட்டுவது என் தொழில்.
ஒரு நூலிழை உயர்ந்தாலும்
கடிக்கிறவர் இரவில் தூங்கமாட்டார்,
காலையில் எனக்குப் போன் வரும்.

ஆறு வருடம் சங்கத்துத் துப்பாக்கி, எண் பதினேழு.
எல்லோர் கன்னத்துக்கும் என்று செய்ததால்
ஒருவர் கன்னத்துக்கும் பொருந்தாதது.
அதுவும் வலக்கைக்காரருக்கு.
எனக்குச் சோறு தின்ன வலது, சுட இடது.
ஒவ்வொரு ரவைக்கும் கையை மேலால் வளைத்து
அடுத்த வளவு முருங்கைக்காயை எட்டிப் பறிப்பதுபோல்
போல்ட்டை இழுப்பேன்.

சொந்தமாய் வாங்க வழியில்லை.
என் பழைய கடவுச்சீட்டின் நாடு ஒரு பட்டியலில் இருந்தது.
கவுன்டர்ப் பெண் அந்த வரியில் விரலை வைத்துவிட்டு
விரலுக்காக மன்னிப்புக் கேட்பவள்போல் என்னைப் பார்த்தாள்.
போன மாசியில் சிவப்புப் புத்தகம் வந்தது.
படத்தில் வாய் மூடியிருக்கிறது.
அப்படித்தான் விதி.

உங்கள் ஊரில் நிறையப் பார்த்திருப்பாயே
என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார்.
பார்த்தது குறைவு, கேட்டது கூட என்றேன்.
பிறகு இருவரும்
காதுமூடிகளின் விலையைப் பற்றிப் பேசினோம்.

விசைக்கு மூன்று வந்திருந்தன.
ஒன்று நினைக்கும் முன்னமே விட்டுவிடுகிறது.
ஒன்றிடம் கெஞ்ச வேண்டும்.
மூன்றாவதில் முதலில் ஒரு தளர்ச்சி,
பிறகு ஒரு மெல்லிய சுவர்,
பிறகு ஒன்றுமேயில்லை.
கண்ணாடி உடைவதுபோல் என்கிறது விலைப்பட்டியல்.
எனக்கு அது அப்பளம்.

குழலும் விசையும் போக
மிச்சம் முந்நூற்றி நாற்பது பிராங்க்.
அலுமினியக் கட்டையின் விலையைப் பார்த்து
பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.
சிம்மென்டாலில் ஒருவர் இடக்கை வாதுமைக் கட்டை விற்றார்.
அடியில் பெயர் பொறித்திருந்தது: வ்யூத்ரிஹ்.
செத்துவிட்டாரோ என்று கூச்சத்தோடு விசாரித்தேன்.
இல்லை, கோல்ஃபுக்குப் போய்விட்டார்.

நல்ல மனிதர், அகலக் கன்னம்.
அவர் தேய்த்த பள்ளத்தில் முகம் வைத்தால்
என் கண் வளையத்துக்குக் கீழே
ஏழு மில்லிமீற்றர் தொங்குகிறது.

வெள்ளி இரவு, எல்லோரும் போனபின்
ஆய்வுக்கூடத் தரையில் பாயை விரித்தேன்.
மெழுகை இளக்கிக் கட்டைமேல் அப்பினேன்.
கண்ணை மூடி முகத்தை அதன்மேல் விழவிட்டேன்,
தூக்கம் வந்த பிள்ளை போல,
நானாக எதையும் சரிசெய்யாமல்.
திறந்தேன்.
கொஞ்சம் மேலே.
சுரண்டினேன். மறுபடி விழுந்தேன்.
பதினொராவது விழுகையில்
வளையத்துக்குள் வளையம், நடுவில் கறுப்பு.

ஊற்ற அக்ரிலிக் வேண்டும்.
ரோசா டப்பாக்கள் பாதிக்கு மேல் காலி.
பின்தட்டில் ஒன்று உடைக்காமல் இருந்தது,
பழுப்பில் ஊதா கலந்த ஈறு நிறம்.
யாருக்கோ வரவழைத்து அவர் வராமல்போய்
காலாவதியாக ஒரு மாதம்.
மூடியைத் திருகினேன்.

ஞாயிறு, பாதை நான்கு.
முதல் ரவை ஒன்பது புள்ளி எட்டு, கொஞ்சம் இடப்பக்கம்.
கையை வளைக்காமல்
போல்ட்டை இழுத்துக்கொண்டிருக்கையில்
பக்கத்துப் பாயில் கிடந்த ரூடி தலையைத் தூக்கினார்:
கன்னத்தில் வைத்திருக்கிறாயே,
அது என்ன மரம்?

மரமில்லை என்று
மேலுதட்டைத் தூக்கிக் காட்டினேன்.